கூத்தாடிக்குக் கூற்றுவன்

விருதுநகர் மாவட்டம் மழைவளம் மிகுந்த நாடன்று. வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கௌசிகா நதியும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே காட்சி தரும். ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே அந்நாட்டின் கண்மாய்களுக்கும் ஊருணிகளுக்கும் உயிர். அம்மழை ஓய்ந்து சில திங்கள் சென்றபின் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இவ்வறட்சியே அப்பகுதி மக்களுக்கு ஒரு தொழிலைத் தந்தது எனலாம். 1922-ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று வந்தனர். தீக்குச்சி மருந்தும், பின்னாளில் வந்த பட்டாசு மருந்தும் ஈரமற்ற காற்றில் விரைந்து உலரும். ஆகவே, வேளாண்மைக்கு ஏற்காத வானம் வெடித்தொழிலுக்கு ஏற்றதாயிற்று.

இத்தகைய வறண்ட நாட்டில் கொசு இருத்தல் கூடுமோ? கொசு நீரில் பிறக்கும் உயிர். நீர் அரிதாயின் கொசுவும் அரிதாதல் வேண்டுமன்றோ? ஆனால் உண்மை அதற்கு மாறானது. நாள்தோறும் குழாயில் நீர் வரும் ஊரில் மக்கள் நீரைச் சேர்த்து வைப்பதில்லை. நான்கு நாளைக்கு ஒரு முறை, எட்டு நாளைக்கு ஒரு முறை நீர் வரும் ஊரிலோ ஒவ்வொரு வீட்டிலும் சிமெண்டுத் தொட்டி உண்டு. தகரப் பீப்பாய் உண்டு. பிளாஸ்டிக் டிரம்மும் அண்டாவும் வரிசை வரிசையான குடங்களும் உண்டு. பஞ்சத்திற்கு அஞ்சிச் சேர்த்த நீர் பல நாள் அசையாமல் நிற்கிறது. டெங்குக் காய்ச்சலையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் என்னும் கொசுவுக்கு இதனினும் சிறந்த தொட்டில் வேறில்லை. மழைநாளில் புறக்கடையில் கிடக்கும் பழைய ஆட்டுரல், தேங்காய்ச் சிரட்டை, தேய்ந்த டயர் ஆகியவையும் அதற்குத் துணையாகும். இக்கொசுவின் முட்டை நீரின்றிப் பல திங்கள் உலர்ந்து கிடந்தாலும் அழிவதில்லை. பாத்திரத்தில் மீண்டும் நீர் நிரம்பியவுடன் பொரிந்துவிடும். வறட்சியையும் வெல்லத் தெரிந்த உயிர் அது.

டெங்குக் காய்ச்சலைக் கொடுக்கும் நச்சுயிரை நேரே அழிக்கும் மருந்து இன்றுவரை வழக்கத்திற்கு வரவில்லை. நோயாளிக்கு நீரும் ஓய்வும் தந்து, உடல்நிலையை இடைவிடாது கவனித்து, இடர் நேராமல் காப்பதே மருத்துவர் செய்யக்கூடியது. காய்ச்சல் தணிந்த வேளையில் சிலருக்கு இரத்த ஓட்டம் தளர்ந்து உயிருக்கே ஊறு நேர்வதும் உண்டு. சிறுவர்கள் இதற்கு எளிதில் இரையாகின்றனர். ஆகையால் நோயைத் தடுப்பதென்பது பெரும்பாலும் கொசுவைத் தடுப்பதேயாகும்.

கொசுவின் வாழ்க்கையை நான்கு பருவங்களாகப் பகுக்கலாம். முட்டையிலிருந்து வெளிவரும் புழு நீரில் நெளிந்தும் துள்ளியும் ஓயாது ஆடுவதால் நம் முன்னோர் அதற்குக் 'கூத்தாடி' என்று பெயரிட்டனர். எத்துணைப் பொருத்தமான பெயர்! கூத்தாடி நான்கு முறை தோலுரித்து வளர்ந்தபின் காற்புள்ளி வடிவான கூட்டுப்புழுவாக மாறும். கூட்டுப்புழுவின் முதுகு பிளந்து இறகு முளைத்த கொசு வெளிப்படும். வெப்பம் மிகுந்த நாட்களில் இவையெல்லாம் எட்டுப் பத்து நாட்களுக்குள் முடிந்துவிடும். நீர்த்தொட்டியை வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும் என்று சுகாதாரத் துறையினர் வற்புறுத்துவது இக்கணக்கைக் கொண்டேயாம்.

கூத்தாடியைச் சற்று உற்றுப் பாருங்கள். ஏடிஸ், கியூலெக்ஸ் ஆகிய இனங்களின் கூத்தாடி, வாற்புறத்திலுள்ள சிறு குழலை நீர்ப்பரப்பில் நாட்டி, தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். அக்குழலே அதன் மூச்சுக் குழாய். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் இனத்துக் கூத்தாடிக்கு அத்தகைய நீண்ட குழல் இல்லை. அது நீர்ப்பரப்பை ஒட்டிக் கிடையாகப் படுத்திருக்கும். எந்த இனமாயினும் அதன் வாயருகே தூரிகை போன்ற மயிர்க் கற்றைகள் உண்டு. அவற்றை அசைத்து அசைத்து நீரோட்டம் உண்டாக்கி, நீரில் மிதக்கும் நுண்ணிய துகள்களையெல்லாம் அது வாய்க்குள் சேர்த்துக்கொள்ளும். பாசித்துணுக்கு, அழுகிய இலையின் பொடி, நுண்ணுயிர் எதுவாயினும் அதற்கு ஒன்றே. இன்னது உணவு, இன்னது நஞ்சு என்று ஆராயும் அறிவு அதற்கு இல்லை. இதனை நினைவிற் கொள்க. நாம் கூறப்போகும் செய்தி முழுவதும் இப்பேருண்டிப் பழக்கத்தின்மேல் நிற்பதாகும்.

கொசுவை ஒழிக்க மனிதன் முதலில் நாடியது புகையை. வேப்பிலைப் புகையும் சாம்பிராணிப் புகையும் இன்றும் நம் வீடுகளில் உண்டு. தீபாவளி வெடிப்புகையால் கொசு குறையும் என்று சொல்வாரும் உளர். பட்டாசு செய்யும் ஊரில் அவ்வாறு சொல்வது தொழிற்பற்று என்றுதான் கொள்ளவேண்டும்! புகை எதுவாயினும், பறக்கும் கொசுவைச் சிறிது நேரம் விரட்டும். தொட்டி நீருக்குள் ஆடிக்கொண்டிருக்கும் கூத்தாடியை அது தொடுவதே இல்லை.

புகைக்குப் பின் வந்தது டி.டி.டி. என்னும் செயற்கை நஞ்சு. அது பூச்சிகளைக் கொல்லும் ஆற்றலை 1939-இல் கண்டறிந்த சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பால் முல்லர் 1948-இல் நோபல் பரிசு பெற்றார். 1953-இல் இந்தியா தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. அதற்கு முன்பு நம் நாட்டில் ஆண்டுதோறும் ஏழரைக் கோடி மக்கள் மலேரியாவால் துன்புற்றனர் என்றும், 8 இலட்சம் பேர் மாண்டனர் என்றும் கணக்கிட்டிருந்தனர். வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளித்ததன் பயனாக 1965-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஓர் இலட்சமாகச் சுருங்கியது. மலேரியா தொலைந்தது என்றே பலரும் நம்பினர். ஆனால் கொசுக்களுள் நஞ்சைத் தாங்கும் வன்மையுடைய சில இறவாது எஞ்சின. அவற்றின் வழித்தோன்றல்கள் பெருகின. தெளிப்பாரின் ஊக்கமும் தளர்ந்தது. 1976-இல் நம் நாட்டில் மலேரியா நோயாளிகள் 64 இலட்சம் பேர் எனக் கணக்கு வந்தது. நாடு திடுக்கிட்டது.

அந்த 1976-ஆம் ஆண்டிலேயே வேறொரு வறண்ட நாட்டில் ஓர் அரிய கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. இஸ்ரேல் நாட்டின் தென்பகுதியில் நெகேவ் என்னும் பாலை நிலம் உள்ளது. அங்கே வற்றிப்போன ஓர் ஆற்றுப்படுகையில் சிறு குட்டை ஒன்று தேங்கியிருந்தது. கொசுவுக்குப் பகையாகும் உயிர்களைத் தேடி அலைந்த மார்கலித், கோல்டுபர்க் என்னும் ஆய்வாளர்கள் அக்குட்டையில் ஏராளமான கூத்தாடிகள் இறந்து மிதப்பதைக் கண்டனர். வேறு ஒருவராயின் 'நல்லதாயிற்று' என்று கூறி அகன்றிருப்பர். அவர்களோ, 'இவை ஏன் இறந்தன?' என்று வினவினர். அக்குட்டையின் சேற்றை எடுத்துச் சென்று ஆராய்ந்தபோது, மண்ணில் வாழும் பாக்டீரியா ஒன்றே அக்கொலைக்குக் காரணம் என்பது புலனாயிற்று. பாஸில்லஸ் துரிஞ்சியென்ஸிஸ் என்னும் இனத்தின் ஒரு வகை அது. இஸ்ரேலில் கிடைத்தமையால் அவ்வகைக்கு 'இஸ்ரேலென்ஸிஸ்' என்ற பெயர் அமைந்தது. சுருக்கமாக அதனைப் பி.டி.ஐ. என்பர்.

அவ்வினம் அறிஞர்களுக்கு முற்றிலும் புதியதன்று. 1901-இல் ஜப்பானிய அறிஞர் இஷிவாட்டா பட்டுப்புழுக்களை மாய்க்கும் நோயொன்றில் இத்தகைய பாக்டீரியாவைக் கண்டார். 1911-இல் ஜெர்மனியின் துரிஞ்சியா மாநிலத்து மாவு ஆலையிலிருந்து வந்த புழுக்களில் பெர்லினர் அதனைக் கண்டு, அம்மாநிலத்தின் பெயரையே பின்னர் அதற்குச் சூட்டினார். ஆயினும் அவை அந்துப்பூச்சி இனத்துப் புழுக்களை மட்டுமே கொல்லும் வகைகள். கொசுவைக் கடுமையாகத் தாக்கும் வகை ஒன்று உண்டென்பதை நெகேவ் குட்டைதான் உலகுக்கு உணர்த்தியது.

இப்பாக்டீரியா கூத்தாடியை எவ்வாறு கொல்கிறது? நல்ல உணவும் ஈரமும் உள்ளவரை அது பிளந்து பிளந்து பெருகும். உணவு குன்றும்போது தன் உடலுக்குள்ளேயே தடித்த உறையுடைய ஒரு விதை போன்ற உருவை அமைத்துக்கொள்ளும். இதற்குச் சிதல் என்பது பெயர். வெயிலின் வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கிக்கொண்டு அது பல்லாண்டு உறங்கவல்லது. சிதலை ஆக்கும் வேளையில் அதன் பக்கத்தில் புரதத்தாலான சிறு படிகம் ஒன்றையும் அது ஆக்குகின்றது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே அப்படிகத்தின் பருமன். கூற்றுவன் இருப்பது அதனுள்ளேதான்.

வெறும் நீரில் அப்படிகம் எத்தீங்கும் செய்யாது, கரைவதுமில்லை. கூத்தாடி தன் வழக்கப்படி நீரை வடித்து உண்ணும்போது படிகமும் வயிற்றுக்குள் செல்கிறது. கூத்தாடியின் நடுக்குடல் நம் இரைப்பையைப் போன்றதன்று. நம் இரைப்பையில் இருப்பது அமிலம். கூத்தாடியின் குடலில் இருப்பதோ சுண்ணாம்புத் தெளிநீரை ஒத்த காரம். அக்காரத்தில் படிகம் கரைகிறது. கரைந்த புரதத்தைக் கூத்தாடியின் செரிமான நீர் வெட்டிச் சிறிதாக்குகிறது. உணவைச் செரிக்கத் தோன்றிய நீரே நஞ்சைக் கூர்தீட்டித் தருகிறது என்னும் விந்தையைக் காண்க! அவ்வாறு கூர்பெற்ற நச்சுப்புரதம் குடலின் சுவரிலுள்ள உயிரணுக்களைப் பற்றி, அவற்றில் நுண்ணிய துளைகளை இடுகிறது. துளைவழியே நீர் புகுந்து உயிரணுக்கள் வீங்கி வெடிக்கின்றன. சிறிது நேரத்தில் கூத்தாடி உண்பதை நிறுத்தும்; ஆட்டம் தளரும்; ஒரு நாளைக்குள் பெரும்பாலும் மாண்டுபோகும்.

மனிதர், ஆடு மாடு, கோழி, மீன், தவளை ஆகியவற்றின் குடலில் அந்தக் காரமும் இல்லை. அந்நஞ்சு பற்றிக்கொள்ளும் இடமும் இல்லை. ஆதலால் அவற்றுக்குப் பி.டி.ஐ. ஊறு செய்வதில்லை. கூத்தாடியைத் தின்னும் தும்பியின் குஞ்சும் மீனும் தொட்டியில் உயிரோடிருக்கும். கூத்தாடி மட்டும் மடியும். குடிநீர்ப் பாத்திரங்களில் இடுவதற்கென்றே ஆராய்ந்து உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட தயாரிப்புகளும் உண்டு. எனினும், எந்தக் கெடுதியும் எந்த உயிருக்கும் இல்லை என்று மிகைபடக் கூறுதல் தகாது. கொசுவுக்கு நெருங்கிய உறவான சில ஈயினங்களின் புழுக்களும் இதனால் இறக்கும். அளவு மிகுந்தால் அச்சேதமும் மிகும். மேற்கு ஆப்பிரிக்காவில் அவ்வியல்பே பெருநன்மையாய் முடிந்தது. அங்கே ஆற்றோரக் கருநிற ஈக்கள் கடிப்பதனால் மக்கள் கண்ணொளி இழந்துவந்தனர். 1974-இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்தில் முதலில் செயற்கை நஞ்சுகளையே ஆறுகளில் இட்டனர். 1980-ஐ ஒட்டி ஈக்கள் அந்நஞ்சைத் தாங்கக் கற்றுக்கொண்டபோது, பி.டி.ஐ. கைகொடுத்து அத்திட்டத்தைக் காத்தது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975-இல் புதுச்சேரியில் நோய்பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் ஆராய்ச்சி மையம் ஒன்றை நிறுவிற்று. அதன் இயக்குநராய் விளங்கியவர் பி. கே. இராஜகோபாலன். யானைக்கால் நோய் மிகுந்திருந்த புதுச்சேரி நகரில் 1981 முதல் 1985 வரை அம்மையத்தார் பல வழிகளையும் ஒருங்கிணைத்துக் கொசுவைக் கட்டுப்படுத்திக் காட்டினர். சாக்கடையைச் சீர்செய்தல், தேங்கும் நீரை வடித்தல், கிணற்றில் மீன் விடுதல் போன்ற எளிய பணிகளுக்கே அங்கு முதலிடம் தந்தனர் என்பதைக் குறிப்பிடவேண்டும். அதே காலத்தில் அம்மையத்தின் நுண்ணுயிரியல் அறிஞர்கள் மண்ணைத் துழாவிக்கொண்டிருந்தனர். கொசுவைக் கொல்லும் பாக்டீரியாவை அயல்நாட்டிலிருந்து வாங்க வேண்டியதில்லை, நம் நாட்டிலேயே அது உண்டு என்பதை 1981-இல் பாலராமனும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்டனர். இன்று வி.சி.ஆர்.சி. பி-17 என்னும் எண்ணால் அறியப்படும் நம் நாட்டுப் பி.டி.ஐ. அம்மையம் வளர்த்துத் தந்த செல்வமேயாகும்.

மண்ணிலிருந்து இத்தகைய ஒன்றைப் பிரித்தெடுக்கும் முறை கேட்பதற்கு இனியது. ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் பல இனங்களாய்க் கலந்து வாழ்கின்றன. அக்கூட்டத்தில் வேண்டிய ஒன்றைத் தேடுவது திருவிழாக் கூட்டத்தில் முகம் அறியாத ஒருவரைத் தேடுவது போன்றது. ஆயினும் அறிஞர்கள் ஓர் உபாயம் கண்டனர். மண்ணைத் தூய நீரில் கரைத்து, அந்நீரை 80 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சில மணித்துளிகள் வைப்பர். சாதாரண பாக்டீரியாக்கள் அவ்வெப்பத்தில் மடிந்துவிடும், சிதல்களோ பிழைத்திருக்கும். இவ்வாறு கூட்டம் பெரிதும் குறைந்துவிடும். எஞ்சிய நீரைச் சத்துணவு கலந்த அகர் என்னும் கூழின்மேல் பரப்பினால், ஓரிரு நாளில் ஒவ்வொரு சிதலும் பெருகி ஒரு புள்ளியாகத் தோன்றும். ஒவ்வொரு புள்ளியையும் தனியே எடுத்து வளர்த்து, கூத்தாடிகள் உள்ள கிண்ணங்களில் இட்டு, மறுநாள் எத்தனை மாண்டன என்று எண்ணுவர். நூறு புள்ளிகளைச் சோதித்தும் ஒன்றும் தேறாத நாட்கள் உண்டு. கூத்தாடியைக் கொன்ற புள்ளி கிட்டினால் அதனை நுண்பெருக்கியில் வைத்துச் சிதலின் பக்கத்தில் படிகம் உளதா எனக் காண்பர். நம் கரிசற் காட்டுக் கண்மாயின் வண்டலிலும் இத்தகைய ஒன்று உறங்கிக்கொண்டிருத்தல் கூடும்.

கண்டெடுத்ததைப் பெருக்குவதற்கு அதற்குத் தீனி வேண்டும். விலையுயர்ந்த தீனி இட்டால் மருந்தின் விலையும் உயரும். ஏழை நாட்டின் நகராட்சி அதனை வாங்க இயலாது. ஆகையால் புதுச்சேரி மையத்தார் சோயா மாவு போன்ற எளிய பொருள்களில் வளர்த்துப் பார்த்தனர். கோழிக் கடைகளில் வீணாகக் குவியும் இறகையும் தீனியாக்கிக் காட்டினர். குப்பையில் எறியப்பட்ட இறகு கொசுவைக் கொல்லும் பொடியாக மாறும் என்று யார் எண்ணியிருக்கக் கூடும்?

பி.டி.ஐ.க்கு ஓர் உறவினனும் உண்டு. முன்பு பாஸில்லஸ் ஸ்பெரிகஸ் என்றும் இப்போது லைசினிபாஸில்லஸ் ஸ்பெரிகஸ் என்றும் அதனைக் குறிப்பர். இதுவும் மண்ணில் வாழ்வது. இதுவும் படிகத்தால் கொல்வது. ஆனால் குணத்தில் வேறுபட்டது. பி.டி.ஐ. அழுக்கு மிகுந்த சாக்கடை நீரில் விரைவில் வலியிழக்கும். இதுவோ அத்தகைய நீரிலும் நெடுநாள் செயற்படும். இறந்த கூத்தாடியின் உடலிலேயே முளைத்துப் பெருகும் திறனும் இதற்கு உண்டு. சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ் கொசுவுக்கு இதனினும் ஏற்ற பகை இல்லை என்று எண்ணத் தோன்றும். ஏடிஸ் கொசுவிடம் மட்டும் இதன் வீரம் செல்லாது.

அவ்வாறு எண்ணித்தான் கொச்சி நகரில் கியூலெக்ஸ் வளரும் இடங்களில் இதனைத் திரும்பத் திரும்பத் தெளித்தனர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன. முதலில் மடிந்த கூத்தாடிகள் பின்னர் மடியவில்லை. மதுரையில் 1985-இல் தோன்றிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தின் அறிஞர்கள் அக்கூத்தாடிகளைக் கொண்டுவந்து சோதித்தனர். முன்பு எவ்வளவு மருந்தால் பாதிக் கூத்தாடிகள் இறந்தனவோ, அதனைப்போல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட மருந்து இப்போது தேவைப்பட்டது! 1995-இல் அவர்கள் இச்செய்தியை வெளியிட்டபோது, பிரான்சு, பிரேசில் ஆகிய நாடுகளிலும் இதுபோன்ற அனுபவம் நேர்ந்திருந்தது தெரிந்தது. டி.டி.டி.யின் கதை நுண்ணுயிர் மருந்திலும் திரும்பி நிகழ்ந்தது. இயற்கைப் பொருளாயின் கொசு அதனை எதிர்த்துப் பழகாது என்று கருதியோர் இதனால் தெளிவு பெற்றனர்.

ஸ்பெரிகஸுக்கு நேர்ந்த தோல்வி பி.டி.ஐ.க்கு ஏன் நேரவில்லை? ஸ்பெரிகஸின் நஞ்சு இரண்டு புரதங்கள் ஒன்றாய் இணைந்து செயற்படுவது. கூத்தாடியின் குடலில் அது பற்றிக்கொள்ளும் கொளுவி ஒன்றே. அக்கொளுவி பிறவியிலேயே பழுதுபட்ட கூத்தாடிக்கு அந்நஞ்சு ஒன்றும் செய்யாது. ஒரே பூட்டுள்ள கதவைப்போல, ஒரே மாற்றத்தால் கொசு தப்பிவிடுகிறது. பி.டி.ஐ.யின் படிகத்திலோ முதன்மையான நச்சுப்புரதங்கள் நான்கு உள்ளன. அவை வெவ்வேறு வழியில் குடலைத் தாக்குகின்றன. அவற்றுள் ஒன்று கொளுவியைத் தேடாமல் உயிரணுவின் சவ்விலேயே நேரே பதிகின்றது. கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் இப்புரதங்களைத் தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பல தலைமுறைக் கூத்தாடிகளை வளர்த்துப் பார்த்தனர். ஒரு புரதத்தை மட்டும் உண்டவை விரைவில் எதிர்ப்பாற்றல் பெற்றன; நான்கையும் சேர்த்து உண்டவை பெரும்பாலும் பெறவில்லை. ஜெர்மனியின் ரைன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1981 முதல் பி.டி.ஐ.யைப் பயன்படுத்தி வருகின்றனர். அங்குக் கொசுக்கள் குறிப்பிடத்தக்க எதிர்ப்பைக் காட்டியதாகத் தெரியவில்லை. கொச்சியில் ஸ்பெரிகஸைத் தாங்கி நின்றவை போன்ற கூத்தாடிகளும் பி.டி.ஐ.யின்முன் வீழ்கின்றன.

இனிப் பி.டி.ஐ.யின் குறைகளையும் கூறவேண்டும். அது நீரில் மெல்லப் படிந்து அடியில் தங்கிவிடும். வெயிலின் கதிரால் வலியிழக்கும். ஆகவே ஒரு முறை இட்டு ஓராண்டு இருக்கலாம் என்பது நடவாது. திறந்த நீர்நிலைகளில் வாரந்தோறும், அல்லது இரு வாரத்திற்கு ஒரு முறை, இடவேண்டியிருக்கும். அனாபிலிஸ் கூத்தாடி நீரின் மேற்பரப்பிலேயே மேய்வதால், மிதக்கும் குருணையாகச் செய்து இடுவது உண்டு. எவ்வளவு நீருக்கு எவ்வளவு என்னும் அளவும் தவறக்கூடாது. பட்டாசுத் தொழிலாளர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. 'மருந்து' என்னும் சொல் சிவகாசியில் வெடியையும் குறிக்கும், நோய் தீர்ப்பதையும் குறிக்கும். ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்னும் வரையறைக்குள் அன்றாடம் வேலை செய்பவர் அவர்கள்.

அத்தொழிற்சாலைகளையே எண்ணிப் பாருங்கள். தீ நேர்ந்தால் அணைப்பதற்கென அங்கே நீரும் மணலும் எப்போதும் ஆயத்தமாய் இருத்தல் வேண்டும். அந்நீரைக் கொட்டிவிடு என்று யாரும் சொல்லவியலாது. அது உயிர்காக்கும் நீர். ஆனால் தீ நேராத நாளெல்லாம் அது அசையாது நிற்பதால், மூடாமல் விட்டால் ஏடிஸ் அதனைத் தேடி வரும். பகலில் கடிக்கும் கொசு அது. பகலில்தான் அங்கே தொழிலாளர்கள் வெறுங்கையோடு குனிந்து வேலை செய்துகொண்டிருப்பார்கள். வீட்டுக் குடத்தைக் கவிழ்த்துவிடலாம். சிரட்டையைப் பொறுக்கி எறியலாம். ஆட்டுரலில் மண்ணை நிரப்பலாம். கொட்டவும் முடியாது, நெடுநாள் வைக்காமலும் முடியாது என்னும் இத்தகைய நீருக்கே பி.டி.ஐ. போன்ற மருந்து மிகவும் பொருந்தும். கவிழ்க்கக் கூடிய பாத்திரத்தில் மருந்தை இடுவது வீண் செலவு என்பதே என் கருத்து.

ஊராட்சியிலிருந்தும் நகராட்சியிலிருந்தும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் வாரந்தோறும் கைவிளக்கோடு வருவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். தொட்டிக்குள் ஒளியைப் பாய்ச்சினால் கூத்தாடிகள் வெருண்டு அடியில் இறங்கும். அதனைக் கண்டே உள்ளன, இல்லை என்று அவர் சொல்லிவிடுவார். சிலர் அவரை வாசலிலேயே நிறுத்தி, 'எங்கள் வீட்டில் ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்புகின்றனர். ஒரு தெருவில் நூறு வீட்டில் மருந்திட்டு ஒரு வீட்டை விட்டால், அந்த ஒரு வீட்டின் தொட்டியே தெரு முழுமைக்கும் கொசுவை வழங்கிவிடும். ஒரு பெண்கொசு ஒருமுறை இடும் முட்டைகள் ஏறத்தாழ நூறு.

பி.டி.ஐ.க்குத் தப்புவது ஒன்று உண்டு, அது கூட்டுப்புழு. படிகம் வாய்வழியாகவே உள்ளே செல்லவேண்டும். கூட்டுப்புழுவோ உண்பதில்லை. மருந்திட்ட நாளில் கூட்டுப்புழுவாய் இருந்தவை இரண்டொரு நாளில் கொசுவாய்ப் பறந்துபோகும். இக்குறையை நீக்கவும் புதுச்சேரி மையத்தார் மண்ணையே நாடினர். அந்தமான், நிக்கோபார் தீவுகளில் கடலும் நிலமும் கலக்கும் அலையாத்திக் காடுகளிலிருந்து எடுத்த பாஸில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியா, சர்ஃபாக்டின் என்னும் சவர்க்காரம் போன்ற பொருளைச் சுரக்கின்றது. உண்ணாத கூட்டுப்புழுவையும் அது கொல்கிறது. இதனை அவர்கள் 2010-இல் ஆய்வேட்டில் வெளியிட்டனர். கூத்தாடியை ஒரு மண்ணின் உயிரும், கூட்டுப்புழுவை மற்றொரு மண்ணின் உயிரும் பார்த்துக்கொள்ளுமாறு செய்ய இயலுமா என்னும் ஆராய்ச்சிக்கு அது வழி திறந்திருக்கிறது.